முதியோர் இல்லத்துச் சாப்பாடு: நாமே சமைப்பதா, ஒப்பந்தம் விடுவதா, வெளியிலிருந்து வாங்குவதா?

சமையல் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார், முப்பது பேருக்கு நாளைக் காலை இட்லிக்கு மாவு கூட ஆட்டவில்லை, இனி இந்தத் தலைவலியே வேண்டாம், பேசாமல் கேட்டரிங்குக்குக் கொடுத்துவிடலாமா? முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்பது பெரும்பாலும் இப்படி ஒரு ராத்திரியில்தான். அந்த ராத்திரியில் எடுக்கும் முடிவு வருஷக்கணக்கில் நிற்கும், அதைச் சாப்பிட்டுத்தான் முப்பது பேர் வாழப்போகிறார்கள். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

தஞ்சாவூர்ப் பக்கம் 34 பேர் இருக்கும் ஒரு இல்லத்தின் அடுப்படிப் பொறுப்பு பதினொரு வருஷமாக என்னிடம் இருக்கிறது. சொந்தச் சமையல், ஒப்பந்தக்காரர், வெளிச்சாப்பாடு, நன்கொடையாளர் தரும் சாப்பாடு என நாலையும் நாங்கள் பார்த்துவிட்டோம். நாலிலும் நல்லது உண்டு, நாலிலும் பில்லில் வராத செலவும் உண்டு.

எல்லாரும் முதலில் கேட்பது "தட்டுக்கு எவ்வளவு ரூபாய்?" என்றுதான். அதைக் கடைசியில் பார்ப்போம். சாப்பாடு தட்டில் விழுவதும் அது வயிற்றுக்குள் போவதும் வேறு வேறு விஷயம், வயதானவர்களுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் ரொம்பப் பெரியது.

## முதலில் எதை வைத்து அளப்பது?

புரதம். வயிறு நிறைகிறதா என்பது சுலபமான கேள்வி, சோறு போட்டால் நிறையும். தசை கரையாமல் இருக்கிறதா, கட்டிலிலிருந்து தானாக எழுந்து பாத்ரூம் போக முடிகிறதா, இதற்குப் புரதம் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றமான ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். முதியோருக்குக் குறைந்தது 1 கிராமாவது வேண்டும் என்று ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் சொல்கிறது. ஐம்பது கிலோ பாட்டிக்கு 50 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் வழக்கமான மெனுவைக் கூட்டிப் பாருங்கள். காலையில் மூன்று இட்லி, கொஞ்சம் சாம்பார், மத்தியானம் சோறு, தண்ணியாக ஒரு சாம்பார், ரசம், பொரியல், மோர், சாயங்காலம் டீ, ராத்திரி ரவா உப்புமா. தோராயமாக முப்பது கிராம்தான் வரும். பாக்கி இருபது கிராம் எங்கே? ஒரு முட்டை 6 கிராம், கூடுதலாக 200 மில்லி பால் இன்னொரு 6, முப்பது கிராம் பயறை ஊறவைத்துக் குழைய வேகவைத்த சுண்டல் 6 அல்லது 7. கணக்கு கிட்டத்தட்ட சரியாகிவிட்டது. முட்டை சாப்பிடாதவர்களுக்குப் பொட்டுக்கடலை மாவைக் கஞ்சியில் கலக்கலாம், தயிரைக் கூட்டலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்கு மட்டும் டாக்டர் சொன்ன அளவுதான், அங்கே நாமாகக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இந்த முட்டையும் பாலும் சுண்டலும் நாள் தவறாமல் வருமா என்பதுதான் என் முதல் கேள்வி.

மென்மை. பாதிப் பேருக்குப் பல் இல்லை, பல்செட் இருப்பவர்கள் பலர் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். பக்கவாதம் வந்தவர்கள், பார்க்கின்சன் உள்ளவர்கள் சிலருக்கு விழுங்குவதே சிரமம். தண்ணீர் குடித்தால் இருமல் வருகிறது என்றால் அது சாதாரண இருமல் இல்லை, உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது என்பதற்கு அடையாளமாக இருக்கலாம், நிமோனியாவில் கொண்டு விட்டுவிடும். இவர்களுக்கு எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்று விழுங்கல் பயிற்சி தெரிந்தவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்டுவிட வேண்டும்.

நேரம். இன்சுலின் போடுபவர்களுக்கு இது உயிர் விஷயம், கீழே தனியாகச் சொல்கிறேன். இன்னொன்று, ராத்திரி இடைவெளி. வேலையாட்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சாயங்காலம் ஆறரைக்கே சாப்பாடு போட்டுவிட்டு மறுநாள் எட்டரைக்கு டிபன் கொடுத்தால் பதினாலு மணி நேரம் வெறும் வயிறு. அமெரிக்காவில் நர்சிங் ஹோம்களுக்கு இருக்கும் விதியிலேயே 14 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. ஒன்பது மணிக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்க அங்கே யாராவது இருக்கிறார்களா?

ஆளுக்கு ஆள் மாற்றும் வசதி. "இன்றைக்கு எனக்கு வாய் கசக்கிறது, கொஞ்சம் ரசஞ்சாதம் போதும்" என்று ஒரு அம்மா காலை பத்து மணிக்குச் சொன்னால் பன்னிரண்டரைக்கு அது கிடைக்குமா? காய்ச்சல் வந்தவருக்குக் கஞ்சி, வயிற்றுப்போக்கு வந்தவருக்கு மோர்ச்சோறு, உப்பு குறைக்கச் சொன்னவருக்குத் தனிக்குழம்பு. முப்பது பேர் இருக்கும் இடத்தில் தினமும் நாலைந்து பேருக்காவது இது வேண்டியிருக்கும்.

பாதுகாப்பு. சமைத்ததை 60 டிகிரிக்கு மேல் சூடாக வைக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக்கூடாது. இது உலக சுகாதார நிறுவனத்தின் பாலபாடம். ஆறிப்போன சோற்றிலேயே விஷத்தன்மை உண்டாக்கும் கிருமி வளரும், மறுபடி சூடு பண்ணினாலும் அந்த விஷம் போகாது. இருபது வயதுப் பையன் ஒரு நாள் வாந்தியோடு எழுந்துவிடுவான், எண்பது வயதுக்காரர் நீர்ச்சத்து இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போவார்.

அப்புறம்தான் பணம். அதோடு சேர்த்து, ஆள் வராத நாளில் என்ன ஆகும் என்ற கேள்வியும்.

## வழி 1: சொந்த அடுப்படி, சொந்த ஆள்

எனக்குப் பிடித்த வழி இதுதான், அதை மறைக்கவில்லை. ஆனால் இதில்தான் நிர்வாகிக்கு உடம்பு நோகும்.

நல்லது என்னவென்றால், அடுப்பு பக்கத்தில் இருக்கிறது. சோறு இன்னும் கொஞ்சம் குழையட்டும் என்று சொன்னால் அடுத்த நிமிஷம் நடக்கும். எங்கள் சமையல் அக்காவுக்கு 34 பேரின் வாயும் தெரியும். யாருக்குத் தேங்காய் சேராது, யார் கீரையைக் கண்டால் தட்டைத் தள்ளிவிட்டு அதையே பருப்போடு கடைந்து கொடுத்தால் வழித்துச் சாப்பிடுவார், இதெல்லாம் எந்தச் சார்ட்டிலும் இல்லை. தாளிக்கிற வாசனை கூடத்துக்கு வருவதும் ஒரு மருந்து மாதிரிதான். மறதி நோய் உள்ள ஒரு பாட்டி, மணி என்ன என்று தெரியாது, நாள் தெரியாது, பெருங்காயம் மணத்தால் மட்டும் தானாக எழுந்து வந்து பந்தியில் உட்கார்ந்துவிடுவார்.

அரைத்துக் கொடுக்க வேண்டியவர்களுக்கு இங்கேதான் ஒழுங்காகக் கொடுக்க முடிகிறது. முதலில் நாங்களும் ஒரு தப்புப் பண்ணினோம். சோறு, சாம்பார், பீட்ரூட் பொரியல் மூன்றையும் ஒரே மிக்சி ஜாரில் போட்டு அடித்து ஒரு கிண்ணத்தில் கொடுத்தோம். ஊதா நிறத்தில் கூழ். ஒரு ஐயா இரண்டு வாய் வாங்கிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டார், பிடிவாதம் என்று நினைத்தோம். அப்புறம் ஒருநாள் தனித்தனியாக அரைத்து, சோறு ஒரு குவியல், பருப்பு ஒரு குவியல், பீட்ரூட் ஒரு குவியல் என்று தட்டில் வைத்து, இது இன்னது என்று சொல்லி ஊட்டினோம். முழுத் தட்டும் போயிற்று. அவர் மறுத்தது சாப்பாட்டை இல்லை, என்னவென்றே தெரியாத ஒன்றை.

இனி மறைந்திருக்கும் செலவு. ஒரே ஒரு சமையல்காரரை நம்பி நடத்தினால் அது சொந்த அடுப்படி ஆகாது, அவர் தயவில் ஓடும் அடுப்படி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவரும் ஊருக்குப் போகத்தான் செய்வார், அது அவர் உரிமை. இரண்டாவதாக ஒரு ஆளை, பகுதி நேரமாகவாவது, முதல் நாளிலிருந்தே சம்பளம் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சம்பளத்தைச் சேர்க்காமல் "நாமே சமைத்தால் மலிவு" என்று போடும் கணக்கு தப்பு. வீட்டு உபயோக 14.2 கிலோ சிலிண்டரை இங்கே வைக்க முடியாது, 19 கிலோ வணிக சிலிண்டர்தான், அதன் விலை வேறு. பாத்திரம் தேய்க்கும் ஆள், கிரைண்டர் ரிப்பேர், ஸ்டோர் ரூமில் எலி, கரப்பான் வராமல் பார்ப்பது, அரிசியில் வண்டு. உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ வாங்க வேண்டும், சமையலில் கை வைக்கும் எல்லாருக்கும் வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை செய்து சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். இதையெல்லாம் பார்க்க நிர்வாகிக்கு தினமும் இரண்டு மணி நேரம் போகும், அதுவும் செலவுதான்.

சொந்த அடுப்படி என்றாலே சத்தான சாப்பாடு என்று நினைத்துவிடவும் வேண்டாம். ஐ.சி.எம்.ஆரின் கீழ் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 2000 கலோரித் தட்டுக்குத் தானியம் 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பாலும் தயிருமாக 300 மில்லி, எண்ணெய் 27 கிராம் என்று வருகிறது. நம் முதியோருக்கு அவ்வளவு கலோரி பெரும்பாலும் தேவைப்படாது, அப்போது குறைய வேண்டியது அரிசி, பருப்பும் பாலும் இல்லை. முப்பது பேர் என்றால் ஒரு நாளைக்குப் பருப்பு (இட்லி உளுந்தையும் சேர்த்து) இரண்டரைக் கிலோ, பால் 9 லிட்டர், காய்கறி 12 கிலோ. உங்கள் மளிகைப் பில்லையும் காய்கறிச் சீட்டையும் எடுத்து இதோடு ஒப்பிடுங்கள். பல இல்லங்களில் அரிசி மட்டும் கணக்குக்கு மேல் போயிருக்கும், மற்றதெல்லாம் பாதிதான் இருக்கும்.

உப்புக்கும் இதே வழி உண்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முப்பது பேருக்கு மாதம் நாலரைக் கிலோ. வேலையாட்கள் சாப்பிடுவதையும் சேர்த்துக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். எங்கள் பில்லில் ஒரு மாதம் பதினொரு கிலோ உப்பு இருந்தது, அதற்கு மேல் ஊறுகாயும் அப்பளமும் தனி. எத்தனை பேர் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தபோது எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. ஒரே நாளில் குறைத்தால் யாரும் வாயில் வைக்க மாட்டார்கள், மூன்று மாதம் எடுத்துக்கொண்டு குறைத்தோம், எலுமிச்சையும் சீரகமும் கறிவேப்பிலையும் கூட்டினோம்.

## வழி 2: நம் அடுப்படியில் ஒப்பந்தக்காரர்

இடமும் பாத்திரமும் நம்முடையவை, ஆளும் சமையலும் அவருடையவை. நூறு பேருக்கு மேல் இருக்கும் இல்லங்களுக்கும், மருத்துவமனையோடு சேர்ந்த பராமரிப்பு இல்லங்களுக்கும் இது நன்றாகவே பொருந்தும். லீவு பிரச்சினை அவர் பொறுப்பு, ஒருவர் வரவில்லை என்றால் இன்னொருவரை அனுப்புவார்.

சிக்கல் ஒன்றுதான், ஆனால் பெரியது. தட்டுக்கு இவ்வளவு என்று நிலையாகப் பேசிவிட்டால், தக்காளி விலை ஏறும்போது ரசத்தில் தக்காளி காணாமல் போகும், பருப்பு விலை ஏறினால் சாம்பார் தண்ணியாகும். அவரைக் கெட்டவர் என்று சொல்ல வரவில்லை, அவருக்கும் கட்டுப்படியாக வேண்டும். ஒப்பந்தத்தில் "மதியம்: சாதம், சாம்பார், ரசம், பொரியல், மோர்" என்று எழுதுவதால்தான் இது நடக்கிறது. அந்த ஐந்து பெயரும் தட்டில் இருக்கும், சத்து இருக்காது. பெயரால் எழுதாதீர்கள், கிராமால் எழுதுங்கள். ஆளுக்கு நாளைக்கு இத்தனை கிராம் பருப்பு, இத்தனை மில்லி பால், வாரத்துக்கு இத்தனை முட்டை, இந்த எண்ணெய்தான் என்று.

அதைவிட நல்லது, மளிகையையும் காய்கறியையும் பாலையும் நாமே வாங்கிக் கொடுத்துவிட்டு அவரிடம் ஆள் கூலி மட்டும் பேசிக்கொள்வது. அப்போது பருப்பைக் குறைத்து அவருக்கு ஒரு லாபமும் இல்லை.

## வழி 3: கேட்டரிங், மெஸ், வெளியிலிருந்து வரும் சாப்பாடு

பத்துப் பன்னிரண்டு பேர் மட்டும் இருக்கும் சின்ன இல்லங்களுக்கு இது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். அவ்வளவு பேருக்கு இரண்டு சமையல்காரர் சம்பளம் கட்டாது. பக்கத்துத் தெருவில் வீட்டுச் சமையல் செய்து கொடுக்கும் ஒரு அம்மா கிடைத்து, அவரும் உரிமம் எடுத்திருந்து, கேரியரில் சூடாக நடந்தே கொண்டுவந்து கொடுக்க முடிந்தால் அது அதிர்ஷ்டம், விட்டுவிடாதீர்கள்.

பெரிய கேட்டரிங் என்றால் யோசிக்க வேண்டும். எங்கள் சமையல்காரர் விபத்தில் கால் முறிந்து படுத்தபோது ஐந்து மாதம் மத்தியானச் சாப்பாட்டை வெளியில் வாங்கினோம். சுவையாகத்தான் இருந்தது. சோறு உதிரி உதிரியாக, கல்யாணப் பந்தியில் எல்லாரும் விரும்புவது மாதிரி. அதுவே எங்களுக்குப் பிரச்சினை. பத்தரைக்கு வடித்து, ஹாட் பாக்ஸில் அடைத்து, பன்னிரண்டே முக்காலுக்கு வந்து, ஒரு மணிக்குத் தட்டில் விழும்போது விறைத்துப் போயிருக்கும். பல் இல்லாதவர்கள் ரசத்தை ஊற்றி ஊறவைத்துக் காத்திருப்பார்கள், ஊறுவதற்குள் ஆறிவிடும், ஆறியதும் பசி போய்விடும்.

ஒரு நாள் ரயில்வே கேட் அடைத்துவிட்டார்கள். சாப்பாட்டு வண்டி அந்தப் பக்கம் நிற்கிறது. இங்கே எங்கள் நர்ஸ் வழக்கம்போலப் பன்னிரண்டே காலுக்கு ஒரு தாத்தாவுக்கு இன்சுலின் போட்டுவிட்டார். ஒரு மணி ஆகியும் வண்டி வரவில்லை. தாத்தா சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே வேர்த்துப்போய், கை நடுங்கி, என் பெயரைக் கேட்டால் வேறு யார் பெயரையோ சொன்னார். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தோம், கால் மணி நேரத்தில் விரலில் குத்தி ரத்தச் சர்க்கரை பார்த்தோம், ஏறிவிட்டது. அந்தக் கால் மணி நேரம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அன்றிலிருந்து சாப்பாடு உள்ளே வந்து கண்ணால் பார்த்த பிறகுதான் ஊசி. வெளிச்சாப்பாடு வாங்கும் எந்த இல்லத்துக்கும் நான் சொல்லும் முதல் விதி இது. இரண்டாவது விதி, இன்றைய வண்டி வராவிட்டாலும் அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் கஞ்சியாவது வைக்கும் அளவுக்கு அடுப்பும் அரிசியும் பயறும் உள்ளே இருக்க வேண்டும்.

மற்றச் செலவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூன்று பேர் ஆஸ்பத்திரியில் இருந்தாலும் பேசிய எண்ணிக்கைக்குப் பணம் கட்டுவீர்கள். உப்பும் எண்ணெயும் உங்கள் கையில் இல்லை. சர்க்கரை நோயாளிக்குத் தனி, சிறுநீரக நோயாளிக்குத் தனி என்று கேட்டால் "சரிங்க" என்பார்கள், வருவது ஒரே சாம்பார்தான். ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்து, வந்த உடனே குழம்பில் குத்திப் பாருங்கள், 60-க்குக் கீழே இருந்தால் திருப்பி அனுப்பும் உரிமையை முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

## வழி 4: நன்கொடையாளர் தரும் சாப்பாடு

இதைப் பற்றிப் பேசத் தயங்குவார்கள், ஆனால் பேசியே ஆக வேண்டும். பிறந்த நாள், திருமண நாள், அப்பாவின் திதி என்று ஒரு குடும்பம் மனசாரக் கொண்டுவந்து போடுகிறது. செலவு மிச்சம். பல இல்லங்கள் மாதத்தில் பதினைந்து நாள் இதில்தான் ஓடுகின்றன.

அந்தத் தட்டைக் கொஞ்சம் பாருங்கள். கேசரி, வடை, வெஜிடபிள் பிரியாணி, உருளைக்கிழங்கு வறுவல், பாயசம், அப்பளம், ஐஸ்கிரீம். கொடுப்பவருக்கு வருஷத்தில் ஒருநாள் விருந்து. சாப்பிடுபவருக்கு இந்த வாரத்தின் மூன்றாவது விருந்து. மறுநாள் காலை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்தால் முந்நூறைத் தொட்டு நிற்கும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசை, ஜனவரி 1 எல்லாம் மூன்று குடும்பம் போட்டி போடும், நடுவில் ஒரு செவ்வாயும் புதனும் யாருமே கேட்காமல் கிடக்கும். குடும்பம் வந்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்து முடிக்கும் வரை பசியோடு உட்கார்ந்திருப்பதும் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மண்டபத்தில் மிஞ்சியதை அண்டாவோடு கொண்டுவந்து நிறுத்துபவர்களும் உண்டு. எத்தனை மணிக்குச் சமைத்தது என்று அவர்களுக்கே தெரியாது. அதை வாங்கவே கூடாது, எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும்.

அதற்காக நன்கொடையாளரைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகள் ஓடிவந்து "பாட்டி, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதற்காகவே காலையிலிருந்து புடவை மாற்றிக் காத்திருக்கும் அம்மாக்கள் இருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்தோம் என்றால், சாப்பாட்டு நோட்டின் தலைப்பை மாற்றினோம். "ஒரு வேளை அன்னதானம்" என்று இருந்ததை "ஒரு நாள் சாப்பாடு, இல்லத்து மெனுப்படி" என்று ஆக்கினோம், பக்கத்தில் "ஒரு மாத முட்டை", "ஒரு வாரப் பால்", "ஒரு மாதப் பழம்" என்று எழுதினோம். சமையல் எங்கள் அடுப்பில், பெயர் அவர்களுடையது. இனிப்பு வேண்டுமென்றால் ஆளுக்கு ஒரு கரண்டி பாயசம், எல்லாருக்கும் இல்லை, பட்டியல் பார்த்து. குடும்பம் சாயங்காலம் நாலு மணிக்கு வரட்டும், சுண்டலும் வாழைப்பழமும் அவர்கள் கையாலேயே கொடுக்கட்டும், உட்கார்ந்து பேசட்டும். முதல் இரண்டு மாதம் சிலர் முகம் சுளித்தார்கள், ஒரு சிலர் வேறு இல்லத்துக்குப் போனார்கள். போனவர்களைவிட "அடடா, எங்களுக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லி மாசாமாசம் முட்டைக்குக் கொடுக்க ஆரம்பித்தவர்கள் அதிகம்.

## ஒரு பார்வையில்

| | சொந்த அடுப்படி | ஒப்பந்தக்காரர் | வெளிச்சாப்பாடு | நன்கொடைச் சாப்பாடு |
|---|---|---|---|---|
| புரதம் நாள் தவறாமல் | நாம் கவனித்தால் | கிராமில் எழுதினால் | கடினம் | கிடையாது |
| குழைவு, அரைத்தது | நன்றாக முடியும் | சொல்லிப் பழக்கினால் | அரிது | இல்லை |
| நேரம் | நம் கையில் | நம் கையில் | வண்டியின் கையில் | குடும்பத்தின் கையில் |
| அன்றன்றைக்கு மாற்ற | உடனே | முன்கூட்டிச் சொன்னால் | முடியாது | முடியாது |
| பெரிய ஆபத்து | சமையல்காரர் வராத நாள் | தண்ணியாகும் பருப்பு | ஆறிய சோறு, தாமதம் | இனிப்பு, எண்ணெய், பழைய சாப்பாடு |
| மறைந்த செலவு | மாற்று ஆள், சிலிண்டர், நிர்வாகி நேரம் | கண்காணிப்பு | வீணாவது, வராதவருக்கும் பணம் | மறுநாள் மருந்துச் செலவு |
| யாருக்குப் பொருந்தும் | 20 முதல் 80 பேர் | 100-க்கு மேல் | 15-க்குக் கீழே | தனி வழியாக யாருக்கும் வேண்டாம் |

இந்த எண்ணிக்கைகள் என் அனுபவத்தில் சொல்வது, சட்டம் எதுவும் இல்லை.

## கலந்து செய்வது

நடைமுறையில் பலருக்குச் சரிப்பட்டு வருவது இதுதான். எங்களிடம் இரண்டாவது ஆள் கிடைக்காத காலத்தில் மத்தியானச் சோறும் குழம்பும் மட்டும் வெளியிலிருந்து, காலை டிபன், சாயங்காலச் சுண்டல், ராத்திரிச் சாப்பாடு, ஒன்பது மணிப் பால், கஞ்சி, அரைத்த சாப்பாடு எல்லாம் உள்ளே என்று ஓட்டினோம். பெரிய அண்டா வேலை வெளியே போய்விட்டது, ஒருவர் ஒருவருக்காகச் செய்ய வேண்டிய வேலை நம்மிடமே இருந்தது. வெளியில் வந்த சோற்றைக் கூட இங்கே கொஞ்சம் வெந்நீர் விட்டு மறுபடி அடுப்பில் ஏற்றிக் குழைய விட்டுத்தான் பரிமாறினோம். ஒரு சின்ன அடுப்பும் ஒரு மிக்சியும் ஒரு பொறுப்பான அக்காவும் இருந்தால் போதும்.

அடுப்படியை மொத்தமாக மூடிவிட்டு வெளியே கொடுப்பதை மட்டும் எந்த இல்லத்துக்கும் நான் சொல்ல மாட்டேன். மூடிய அடுப்படியை மறுபடி திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று பார்த்திருக்கிறேன், பாத்திரம் போய்விடும், ஆள் போய்விடும், இடம் ஸ்டோர் ரூம் ஆகிவிடும்.

## முடிவெடுக்கும் முன் ஒரு மாதம்

இப்போது எந்த வழியில் இருக்கிறீர்களோ அதிலேயே ஒரு மாதம் இரண்டு வேலை செய்து பாருங்கள். ஒன்று, மாதம் முதல் தேதி எல்லாருக்கும் எடை பார்த்து எழுதுங்கள், எழுந்து நிற்க முடியாதவர்களுக்கு மேல்கைச் சுற்றளவை டேப்பால் அளந்து எழுதுங்கள். ஒரே மாதத்தில் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தவர் யாராவது இருந்தால், அதாவது ஐம்பது கிலோ இருந்தவர் நாற்பத்தேழரைக்கு வந்துவிட்டால், சாப்பாட்டை மாற்றுவதோடு நிற்காமல் டாக்டரிடமும் காட்ட வேண்டும்.

இரண்டு, சாப்பிட்டு முடித்த தட்டுகளை வழிக்கும் எச்சில் வாளியை ஒவ்வொரு வேளையும் எடை போடுங்கள், என்ன மிஞ்சியது என்றும் எழுதுங்கள். கேட்டரிங்காரர் எத்தனை தட்டு அனுப்பினார் என்ற கணக்கைவிட இந்த வாளி அதிகம் சொல்லும்.

எங்களுக்கு அந்த வாளி முதல் வாரமே சொன்னது பீன்ஸ் பொரியலைப் பற்றி. செவ்வாய்க்கிழமை போட்டது முக்கால்வாசி திரும்பி வந்திருந்தது, மென்று துப்பிய நாரோடு. சமையல் அக்கா பார்த்துக்கொண்டே நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த செவ்வாய் அதே பீன்ஸை நார் உரித்து, பொடிப்பொடியாக நறுக்கி, பாசிப்பருப்போடு மலர வேகவைத்துக் கூட்டாகக் கொண்டுவந்தார். அன்றைக்கு வாளி பாதி கூட நிறையவில்லை, மூன்று பேர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்கள்.